பிந்தி விழுந்த காலடி

மார்சியா டிலேனின் கால்களுக்கு அமெரிக்கா முழுக்க ரசிகர்கள் இருந்தார்கள். பத்திரிகைகள் அந்தக் கால்களைப் பக்கம் பக்கமாக வர்ணித்தன. அவள் பெயரைச் சொல்லிக் குதிகால் செருப்பு விற்றார்கள். பார்க்கிற வரைக்கும் எல்லாம் உண்மைதான். கேட்கிற சங்கதிதான் வேறு. திரையில் கிளைவ் ஹாலமின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் சுழன்று ஆடும்போது, காலணித் தகடு தரையில் தட்டிச் சடசடவென்று கொட்டுமே, அந்தச் சத்தம் மார்சியாவுடையது அல்ல. அது வெர்னா ஹாஸ்கெட் என்கிற இருபத்தாறு வயதுப் பெண்ணுடையது. வெர்னாவின் கால்கள் எப்படியிருக்கும் என்று ஒரு ரசிகனுக்கும் தெரியாது. நன்றாகத்தான் இருக்கும்.

படப்பிடிப்பில் பாட்டை ஒலிபெருக்கியில் அலறவிட்டுத்தான் ஆடுவார்கள். அந்த இரைச்சலில் காலடிச் சத்தம் தேறாது. அதனால் படம் எடுத்து முடிந்த பிறகு டப்பிங் அறைக்கு வந்து, திரையைப் பார்த்துக்கொண்டே, ஒரு மரப்பலகை மேல் நின்று அதே ஆட்டத்தைத் திரும்ப ஆடிச் சத்தத்தை மட்டும் பதிந்து கொடுக்க வேண்டும். ஹாலம் தன்னுடையதைத் தானே பதிந்துவிட்டுப் போய்விடுவார்; அந்த விஷயத்தில் மனிதர் ரோஷக்காரர். மார்சியாவுக்கு அழகான முதுகு, அழகான கை, காமிரா விரும்பும் முகம். கால் மட்டும் எட்டுத் தட்டு தட்டவேண்டிய இடத்தில் இரண்டை விழுங்கிவிடும். விழுங்கியதையெல்லாம் வெர்னா பலகை மேல் நின்று கக்கிக் கொடுத்தாள். மூன்று வருடத்தில் அந்த ஜோடிக்கு மூன்று படம் ஓடிவிட்டது, நாலாவது முடியப்போகிறது.

படத்தில் பேர் போடுவார்களா என்று கேட்காதீர்கள். வெளியே மூச்சுவிடக் கூடாது. மூச்சுவிட்டால் வேலை போகும் என்றால் வெர்னா தெருத்தெருவாகப் போய்ச் சொல்லியிருப்பாள். வேலை போகாது, சம்பளம்தான் நிற்கும்.

1933 ஜூலை பதினைந்தாம் தேதி அவள் ஆழம் தெரியாமல் காலை விட்டாள். நெப்ராஸ்காவிலிருந்து மூன்று நாள் பஸ்ஸில் வந்து, கூட்ட ஆட்டத்தில் நாற்பதில் ஒருத்தியாக நின்று, 'நீ கொஞ்சம் தனியாக வா' என்று கூப்பிட்டதும் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம். ஏழு வருடம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை 'நீ வேண்டும்', 'வேண்டாம்' என்று சொல்லும் உரிமை ஸ்டூடியோவுக்கு உண்டு. அவளுக்குக் கிடையாது. கொடுத்த வேலையைச் செய்ய மாட்டேன் என்றால் சம்பளமில்லாமல் வீட்டில் உட்காரவைத்து, உட்கார்ந்த நாட்களையெல்லாம் ஏழு வருடத்தின் வாலில் ஒட்டிவிடுவார்கள். கோபித்துக்கொண்டு ஓடினால் இந்தக் கடற்கரையிலிருந்து அந்தக் கடற்கரை வரை ஒரு மேடையிலும் ஏற முடியாது. கல்யாணத்திலாவது தப்பிக்க வழி உண்டு: ரீனோவுக்கு ரயில் ஏறி ஆறு வாரம் தங்கினால் விவாகரத்துக் காகிதத்தைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். ஸ்டூடியோவுக்கு ரீனோ இல்லை.

இருந்தது ஒரே ஒரு கதவு. ஜனவரி பதினைந்து, ஜூலை பதினைந்து, இந்த இரண்டு தேதிக்குள் 'உன்னை வைத்துக்கொள்கிறோம்' என்ற கடிதம் கைக்கு வராவிட்டால் ஒப்பந்தம் செத்துப்போகும். மற்றப் பெண்களெல்லாம் கடிதம் வரவேண்டுமே என்று மாதாகோவிலில் மெழுகுவத்தி ஏற்றினார்கள். வெர்னா அதே கோவிலில், அதே மாதாவிடம், வரக்கூடாதே என்று ஏற்றினாள். மாதா மற்றவர்கள் பக்கம்தான் சாய்ந்தாள் போலிருக்கிறது. வெர்னாவுக்கு ஐந்து முறையும் கடிதம் தவறாமல் வந்து சேர்ந்தது.

ஆறாவது தேதிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஆர்லோ பெக் சிகாகோவிலிருந்து வந்தான். ஸ்டூடியோ வாசலுக்கு எதிரே, காப்பியும் பலகாரமும்கூட விற்கும் மருந்துக்கடையின் காப்பி மேடையில் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். ஆர்லோ அவளோடு ஒரே கூட்டத்தில் ஆடியவன். இவளை உள்ளே தள்ளிப் பூட்டியபோது அவனை வெளியே தள்ளிவிட்டார்கள். அவன் எலுமிச்சைப் பணியாரம் ஒரு துண்டு வாங்கி நடுவில் வைத்து, பெரிய பாதியை அவள் பக்கம் நகர்த்தினான்.

"செப்டம்பர்ல நம்ம மேடை ஆட்டம் ஆரம்பம். இருபத்திரண்டு ஊரு. வாசல் போர்டுல 'பெக் – ஹாஸ்கெட்'னு போடறோம். வேணும்னா உன் பேர முன்னாடி போட்டுக்கோ, நான் ஒண்ணும் அழ மாட்டேன்."

"கல்யாணம்னு கடுதாசில என்னமோ கிறுக்கியிருந்தியே, அது எந்த ஊர்ல?"

"டெஸ் மோயின்ஸ்ல. அங்க ரெண்டு நாள் நமக்கு காட்சி இல்ல."

வெர்னா சிரித்தாள். சிரித்த வேகத்திலேயே அழுகை வந்துவிடும் போலிருந்ததால் பணியாரத்தை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டாள்.

"பதினாறாம் தேதி காலைல எனக்கு பதில் வேணும் வெர்னா. இல்லேன்னா டல்சா ஊர்க்காரி ஒருத்தி இருக்கா, அவள கூட்டிட்டுப் போன்னு ஏஜெண்ட் உயிர எடுக்கறான்."

"நல்லா ஆடுவாளா?"

"ஆடுவா. ஆனா ஒண்ணு ரெண்டு மூணுன்னு எண்ணிட்டே ஆடுவா. கடைசி வரிசைல இருக்கறவனுக்குக்கூட உதடு அசையறது தெரியும்." அவன் குரலைத் தாழ்த்தினான். "ஒரே ஒரு தடவ மோசமா ஆடிக் காட்டேன். நொண்டிக் குதிரைக்கு எவன் தீனி போடுவான்? அவங்களே அவுத்து விட்ருவாங்க."

"வேணும்னே கெடுத்தேன்னு தெரிஞ்சா அவுத்து விட மாட்டாங்கடா. நாளக் கூட்டுவாங்க."

"அப்ப நொண்டாத. பிந்து. காலு தளந்துபோச்சு, பழைய வேகம் இல்லன்னு அவங்க வாயாலயே சொல்ற மாதிரி, துளித்துளி பிந்து."

அது அவள் மனசில் போய் உட்கார்ந்துகொண்டது.

ஜூலை ஆறாம் தேதி, திங்கட்கிழமை, நாலாவது படத்தின் டப்பிங். ஒலிப்பதிவுக்காரர் ஃபெரிஸ் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்தார். நாற்பது வயசுக்காரர், யாரையும் திட்டாத மனிதர். வெர்னா தகட்டுக் காலணியை மாட்டி, காதில் ஹெட்போன் வைத்துக்கொண்டு பலகை மேல் ஏறினாள். முழங்கால் உயரத்தில் மைக். எதிரே திரை. ஒரு நிமிட ஆட்டத்தை வெட்டி எடுத்து, தலையையும் வாலையும் ஒட்டி வளையமாக்கிவிடுவார்கள். அது சுற்றிச் சுற்றி வந்துகொண்டேயிருக்கும். சரியாக வருகிறவரை செக்குமாடு மாதிரி கூடவே சுற்ற வேண்டியதுதான்.

காட்சி இதுதான். ஒரு ஹோட்டலின் மொட்டைமாடி. இரண்டு பேருக்கும் சண்டை. மார்சியா போகத் திரும்புகிறாள். ஹாலம் ஒரு வார்த்தை பேசாமல் தரையில் மூன்று தட்டு தட்டுகிறான். அவள் நிற்கிறாள். அவன் கையை நீட்டுகிறான்.

வெர்னாவுக்குத் தெரியாத ரகசியமா? அந்த இரண்டு பேரும் படப்பிடிப்பில் முகம் கொடுத்துப் பேசுவது கிடையாது. காட்சி முடிந்ததும் அவர் நாற்காலி கிழக்கே, இவள் நாற்காலி மேற்கே. இந்த நாலாவது படத்தில் மார்சியா வழக்கத்தைவிடக் கட்டையாக, உயிரே இல்லாமல் ஆடியிருந்தாள். அதுவும் வெர்னாவின் கண்ணுக்குத் தெரிந்தது. எல்லாம் தெரிந்தும், அவன் கையை நீட்டியபோது அவள் நெஞ்சு ஒருதரம் குதித்தது. என்ன செய்ய? ஊரில் பாதிப் பேருக்கு வேலையில்லை. வீட்டுக்கு வீடு வாடகைச் சண்டை. உள்ளதை உள்ளபடி சொல்லத் தெரியாத ஆண்கள், சொன்னாலும் நம்பாத பெண்கள். இங்கே ஒருத்தன் பேசாமல் கையை நீட்டுகிறான், ஒருத்தி பேசாமல் பிடித்துக்கொள்கிறாள், அத்தோடு எல்லா வழக்கும் தீர்ந்துபோகிறது. இதைப் பார்க்க ஜனங்கள் மழையில் வரிசை கட்டி நின்றார்கள் என்றால் அவர்களைக் கேலி செய்ய எனக்கு வாய் வராது.

பிந்த வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டுதான் வெர்னா தொடங்கினாள். கால் கேட்கவில்லை. பாட்டு காதில் விழுந்ததும், மார்சியாவின் பாதம் தரையைத் தொடுகிற அதே நொடியில் அவள் பாதமும் விழுந்தது. விழுங்கிய தட்டுகளைக்கூட அதுவே போட்டுக்கொண்டது. பதினோரு முறை சுற்றியாகிவிட்டது. பதினோரு முறையும் நூல் பிசகவில்லை.

"வைரம்மா நீ," என்றார் ஃபெரிஸ். "மிச்சம் நாளைக்கு."

அன்றைக்கு வீட்டுக்கு நடந்து போகையில் வெர்னா தன் கால்களை வைதாள். எஜமானனைக் கண்டால் வாலாட்டுகிற நாய்களே என்றாள். கால்கள் என்ன சொல்லும், பாவம்.

செவ்வாய்க்கிழமை அவளுக்கு வழி பிடிபட்டது. மார்சியாவின் பாதத்தைப் பார்த்தால்தானே கால் சரியாக விழுகிறது? பார்க்காமல் விட்டாள். ஹாலமின் பாதத்தை மட்டும் பார்த்தாள். ஹெட்போனில் ஏற்கெனவே பதிந்திருந்த அவருடைய தட்டு காதில் விழுகிறவரை காத்திருந்து, விழுந்த பிறகு தன் காலை இறக்கினாள். இமை மூடித் திறக்கிற நேரத்தில் பாதிதான் தாமதம். ஆனால் அடிக்கு அடி தாமதம்.

ஃபெரிஸ் படத்தை நிறுத்தினார். "என்ன கண்ணு, கால்ல ஈயத்த கட்டிட்டு வந்தியா?"

"தெரியல ஃபெரிஸ். பாரமா இருக்கு."

"இன்னொரு தடவ போலாம்."

இன்னொரு தடவையும் பிந்தியது. ஐந்தாவது தடவையும் பிந்தியது. ஃபெரிஸ் சங்கடத்தோடு தொலைபேசியை எடுத்து டான்ஸ் மாஸ்டரைக் கூப்பிட்டார். டான்ஸ் மாஸ்டர் பிராட்ஸ்கி குள்ளமானவர், கையில் எப்போதும் ஒரு பிரம்பு. வந்து, நின்றபடியே இரண்டு சுற்றுக் கேட்டார். பிரம்பால் தன் முழங்காலைத் தட்டித் தாளம் பார்த்தார். முகம் சுளித்தது.

"எத்தன வயசும்மா உனக்கு?"

"இருபத்தாறு சார்."

"காலுக்கு அறுபதாயிடுச்சு போல." கடிகாரத்தைப் பார்த்தார். "வியாழக்கிழமை பிரிவ்யூ. இனிமே வேற பொண்ண புடிச்சு, கத்துக் கொடுத்து... ஆவாது. இதயே ஒட்டித் தொலைங்க ஃபெரிஸ், ஜனங்களுக்கு என்ன காது இருக்கா. பிரிவ்யூ முடியட்டும், அப்பறம் வேற ஆள வெச்சு மாத்திக்கலாம்." கதவருகே போய்த் திரும்பினார். "பதினஞ்சாம் தேதிக்கு முன்னாடி உன் கடுதாசி என் மேஜைக்குத்தான் வரும். தெரியுமில்ல?"

"தெரியும் சார்," என்று வெர்னா தலையைக் குனிந்துகொண்டாள். சிரிப்பை மறைக்க வேறு வழியில்லை. ஃபெரிஸ், பாவம், அவள் அழுகிறாள் என்று நினைத்துக் காப்பி வாங்கி வந்து கொடுத்தார். அந்தக் காப்பியைக் குடிக்கும்போதுதான் அவளுக்கு வெட்கமாக இருந்தது.

மூன்று வருடத்தில் முதல் தடவையாக அவள் பெட்டியைக் கட்டிலுக்கடியிலிருந்து இழுத்துத் தூசி தட்டினாள்.

பிரிவ்யூ கிளெண்டேலில். வேறு ஏதோ படத்துக்கு வந்த ஜனங்களிடம் முன்னறிவிப்பில்லாமல் இந்தப் படத்தைப் போட்டுக் காட்டி, முடிவில் அட்டையில் எழுதி வாங்குவார்கள். எழுதியதைப் பொறுத்து வெட்டுவார்கள், ஒட்டுவார்கள், சில சமயம் ஆளையே மாற்றுவார்கள். வெர்னா டிக்கெட் வாங்கிக்கொண்டு பதினான்காவது வரிசையில் போய் உட்கார்ந்தாள். தன் அவமானத்தைத் தன் காதாலேயே கேட்டுவிட்டுப் போகலாம் என்று ஆசை. பக்கத்தில் ஒரு தடித்த அம்மாள், மடியில் வேர்க்கடலைப் பொட்டலம், மொறுமொறுவென்று தின்றுகொண்டேயிருந்தாள்.

மொட்டைமாடி வந்தது. சண்டை. அவள் திரும்புகிறாள். மூன்று தட்டு. நீட்டிய கை.

பிறகு ஆட்டம். அவன் கால் விழுந்தது. அதன் நிழலிலேயே, துளி பிந்தி, அவள் கால் விழுந்தது. அவன் தட்டினான், அவள் கேட்டுவிட்டுத் தட்டினாள். அவன் ஓடினான், போகலாமா வேண்டாமா என்று ஒரு கணம் யோசித்துவிட்டு, போகாமல் இருக்க முடியாமல் அவளும் ஓடினாள். மார்சியாவின் கட்டை முகம்கூட இப்போது கட்டையாக இல்லை. அழுகையை அடக்குகிறவளின் முகமாக இருந்தது. காது சொல்வதைத்தானே கண் பார்க்கும்!

வேர்க்கடலைச் சத்தம் நின்றுபோயிருந்தது. அரங்கில் ஒரு இருமல் இல்லை. ஆயிரம் பேர் அந்தப் பிந்துகிற காலடிக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். இருமுங்களேன், எழுந்து போங்களேன், சிரிக்கவாவது செய்யுங்களேன் என்று வெர்னா உள்ளுக்குள் கெஞ்சினாள்.

"பாத்தியா," என்றாள் பக்கத்து அம்மாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு, முன்பின் தெரியாத வெர்னாவிடம். "அவன் காலடிய கேட்டுட்டுத்தான் பாவி மக அடி எடுத்து வெக்கறா. மனசுல அவ்ளோ பயம், அவ்ளோ ஆச. எங்க வீட்டுக்காரர் பின்னாடி நானும் ஒரு காலத்துல இப்படித்தான் போனேன்."

வெர்னா அழுதாள். தோற்றுவிட்டோம் என்று தெரிந்து அழுதாள். அது மட்டும் காரணமில்லை. அந்த ஆட்டம் அவ்வளவு நன்றாக இருந்தது. பிறந்ததிலிருந்து அவள் ஆடியதிலேயே அதுதான் சிறந்தது, அதைக் கெடுப்பதற்காக ஆடியிருக்கிறாள். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது என்பார்களே, அவள் வெட்டிய கிணற்றில் தண்ணீரே வந்துவிட்டது. அதுதான் வினை.

பதினான்காம் தேதி பிராட்ஸ்கி அவளைக் கூப்பிட்டு அனுப்பவில்லை. தானே வந்தார். கடிதத்தைத் தன் கையாலேயே கொடுத்தார்.

"அறுபதுன்னு சொன்னேன்ல, வாபஸ் வாங்கிக்கறேன். நானூறு அட்டைல முன்னூறு அட்டை அந்த மொட்டமாடி பத்திதான். முதலாளி என்ன கட்டிப்புடிச்சாரு. நான்தான் அப்படி ஆடச் சொன்னேன்னு சொல்லிட்டேன், நீ ஒண்ணும் நெனச்சுக்காத. இனிமே எல்லாப் படத்துலயும் நீ பிந்தணும். எம்மா, சந்தோஷமா இல்லயா?"

"ரொம்ப சந்தோஷம் சார்."

"இந்த மாதிரி கால வெச்சுகிட்டு ஏழு வருஷமும் நீ எங்கயும் போக முடியாது," என்றார் பிராட்ஸ்கி. வாழ்த்தாகத்தான் சொன்னார்.

மருந்துக்கடையின் தொலைபேசியிலிருந்து ஆர்லோவைக் கூப்பிட்டாள். கடிதம் வந்ததையும், ஏன் வந்தது என்பதையும் சொன்னாள். "எவ்ளோ பிந்தின?" என்று கேட்டான் அவன்.

"கொஞ்சம்தான்."

"மோசமா ஆடற மாதிரி நடிச்சாக்கூட நீ நல்லாத்தான் ஆடுவ, முண்டம்." அவன் சிரிக்கப் பார்த்தான். "அந்த டல்சா பொண்ணுக்கு உதட்ட ஒட்டி வெக்கறதுக்கு எதாவது வழி இருந்தா சொல்லு." இருபத்திரண்டு ஊருக்கும் டல்சாக்காரிதான் போனாள். டெஸ் மோயின்ஸில் இரண்டு நாள் ஓய்வு கிடைத்ததில் என்ன செய்தார்கள் என்று வெர்னா விசாரிக்கவில்லை. விசாரிக்காமலே வருஷக் கடைசியில் ஒரு கல்யாண அட்டை வந்தது.

படம் வெளியாகிப் பத்து நாள் கழித்து, டப்பிங் அறைக்கதவைத் திறந்துகொண்டு மார்சியா டிலேன் உள்ளே வந்தாள். மூன்று வருடத்தில் அவள் அந்த அறைக்கு வந்தது கிடையாது. ஃபெரிஸ் சாப்பிடப் போயிருந்தார். வெர்னா காலணித் தகட்டின் திருகாணியை முறுக்கிக்கொண்டிருந்தாள், பதறிப்போய் எழுந்தாள்.

"உக்காரு. நீதான் அந்தப் பொண்ணா?"

"ஆமா, மிஸ் டிலேன்."

திரையில் இருப்பதைவிடக் குள்ளமாக இருந்தாள். கண்ணுக்கடியில் கருப்பு. பலகையின் ஓரத்தில், பட்டுப் பாவாடை அழுக்காகுமே என்று பார்க்காமல் உட்கார்ந்தாள்.

"நான் உன்ன அடிக்கணும்னுதான் வந்தேன்," என்றாள் மார்சியா. "நீ என்ன பண்ணினேன்னு உனக்குத் தெரியுமா? மொத மூணு படத்தோட எனக்கு இந்த ஆட்டம் போதும்னு ஆயிடுச்சு. அந்த ஆளோட வாய்ல பெப்பர்மிண்ட் வாசன, எனக்குக் கனவுலகூட வருது. அழுது பொரண்டு முதலாளிகிட்ட ஒரு வாக்கு வாங்கினேன். நாலாவது படம் சுமாரா போச்சுன்னா ஜோடிய பிரிச்சுடறேன், ஒரு நர்ஸ் கத இருக்கு, ஒரு ஆட்டம் கிடையாது, அத உனக்குத் தரேன்னாரு. நான் மூணு மாசம் கட்ட மாதிரி ஆடினேன். தெரிஞ்சே ஆடினேன். எனக்கு என்ன ஆடத் தெரியாதா? இந்தத் தடவ வேணும்னே உசுரில்லாம ஆடினேன். நீ எங்கேருந்தோ வந்து அதுல உசுர ஊத்திட்ட."

வெர்னா கையிலிருந்த காலணியைக் கீழே வைத்தாள்.

"நேத்து சேதி வந்தாச்சு. அதே ஆளோட இன்னும் நாலு படம். நர்ஸ் கத வேற ஒருத்திக்குப் போயிடுச்சு."

"நானும் போகத்தான் பாத்தேன், மிஸ் டிலேன்," என்றாள் வெர்னா. "மோசமா ஆடினா விட்ருவாங்கன்னு... அதுக்குத்தான் பிந்தினேன்."

மார்சியா அவளை வெறித்துப் பார்த்தாள். ஒரு சத்தம் அவள் தொண்டையிலிருந்து வந்தது. முதலில் வெர்னா அழுகை என்று நினைத்தாள், அது சிரிப்பு. பத்திரிகைக்காரர்கள் கேட்டிராத, நல்ல நாட்டுப்புறச் சிரிப்பு. வெர்னாவையும் அது தொற்றிக்கொண்டது. இரண்டு பேரும் பலகையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். சிரித்து ஓய்ந்ததும் அறை முன்பைவிட அடைத்துப்போன மாதிரி இருந்தது.

"சரி, எழுந்திரு," என்றாள் மார்சியா. "அடுத்த படத்துல நானே பிந்தி ஆடணுமாம், காமிராவுக்குத் தெரியணுமாம். பிராட்ஸ்கிக்கு ஒரு எழவும் தெரியாது. எவ்ளோ பிந்தணும்னு காட்டு."

"அவர் கால் விழற வரைக்கும் காத்திருக்கணும். அவ்ளோதான்."

"காத்திருக்கறது எனக்குப் பழக்கந்தான்." அவள் செருப்பைக் கழற்றிவிட்டு எழுந்து நின்றாள். "உனக்கு இன்னும் எத்தன வருஷம்?"

"நாலு. உங்களுக்கு?"

"அஞ்சு." மார்சியா விரல்விட்டு எண்ணுகிறவள் மாதிரி ஒரு கணம் நின்றாள். கோபமெல்லாம் போய் அவள் முகத்தில் பயம் வந்திருந்தது. "அப்ப நீ போயிட்டா, அந்தக் கடைசி வருஷம் நான் என்ன பண்ணுவேன்?"